நாற்காலிக்கு அடியில் உபயதாரர்கள்

பித்தளை அக்காவுக்குக் கோபம் வந்தால் எந்திரத்தை நிறுத்திவிட்டு நாக்காலேயே தகட்டில் எழுத்து வெட்டிவிடுவாள் என்று அந்தத் தெருவில் சொல்வார்கள். மிகைதான். ஆனால் ஒருமுறை அவள் திட்டியதைக் கேட்ட எதிர்க்கடைத் தையல்காரர் மூன்று நாளைக்கு அளவெடுக்கவே மறந்துபோனார் என்பதில் மிகையில்லை. அந்த மூன்று நாளில் தைத்த சட்டைகள் எல்லாம் ஒரே ஆளுக்குத் தைத்தவை போல இருந்தன. அந்த ஆள் யாரென்றுதான் இன்றுவரை தெரியவில்லை.

அக்காவின் தொழில் பெயர் வெட்டுவது. பித்தளைத் தகட்டில், கிரானைட் பலகையில், யார் எதைக் கொடுத்தாலும் கொடுத்தவர் பெயரை அழியாமல் வெட்டிக் கொடுப்பாள். மின்விசிறிக்கு, குடிநீர்த் தொட்டிக்கு, சக்கர நாற்காலிக்கு எல்லாம் வெட்டியிருக்கிறாள். ஒருமுறை ஒருவர் கதவுத் தாழ்ப்பாள் ஒன்றைத் தானம் கொடுத்துவிட்டு வந்து நின்றார். இரண்டு விரல் அகலத் தாழ்ப்பாளில் அவருடைய பெயர், பட்டம், பதவி, முன்னாள் பதவி எல்லாம் வர வேண்டுமாம்.

"தாழ்ப்பாளைக் கொஞ்சம் பெரிசா வாங்கியிருக்கலாமே?" என்று அக்கா கேட்டாள்.

"கதவு சின்னதும்மா" என்றார் அவர், வருத்தத்தோடு.

அக்காவின் அம்மா சர்ச்சுக்குப் போனவள். அப்பா கோயிலுக்குப் போனவர். அதனால் இரண்டு வேதமும் வீட்டில் ஒரே அலமாரியில் இருந்தன. அலமாரியில் இருந்தால் படித்துவிட்டோம் என்று நினைக்கிற குடும்பம்தான் அதுவும். அக்கா அவற்றைப் படித்தது தொழிலுக்காக. பெயரை வெட்டக் கொடுப்பவர்கள் போகிற போக்கில், "கீழே ஒரு நல்ல வசனமும் போட்டுடுங்க" என்பார்கள். எந்த வசனம் என்று கேட்டால் விழிப்பார்கள். பெயருக்குக் கீழே மிச்சமிருக்கும் இடத்தில் அடங்குகிற மாதிரி அவளே தேடிப் பிடிக்க வேண்டும். பக்திமான்கள் பாதியில் கண்ணயர்ந்த பக்கங்களைக்கூட அவள் கையில் அளவுகோலோடு படித்தாள்.

போர்க்களத்தின் நடுவில் தேரை நிறுத்திவிட்டுப் பேசியவரை அவள் 'தேரோட்டி' என்பாள். மலைமேல் உட்கார்ந்து பேசியவரை 'தச்சர்' என்பாள். மரியாதைக் குறைவு இல்லை. கையால் வேலை செய்கிறவளுக்கு அதைவிடப் பெரிய மரியாதை தெரியாது. "ரெண்டு பேரும் தொழில் தெரிஞ்சவங்க, அதான் பேச்சு சுருக்கமா இருக்கு. வளவளன்னு பேசினதெல்லாம் பின்னாடி வந்தவங்க" என்பாள்.

ஒற்றுமைக் கூட்டங்களில் மேடை ஏறுகிறவர்கள், இரண்டு வேதமும் அன்பைத்தான் சொல்கின்றன என்று முடித்துவிட்டுத் தண்ணீர் குடிப்பார்கள். அதைக் கேட்டாலே அக்காவுக்குக் கொட்டாவி வரும். அன்பை யார்தான் சொல்லவில்லை? சோப்பு விற்கிறவன்கூடச் சொல்கிறான். அளவுகோலோடு படித்ததில் அவள் கண்டது வேறு. இரண்டு பேரும் ஒரே ஆளைத் திட்டுகிறார்கள். கைகாலை அடக்கி உட்கார்ந்துகொண்டு மனத்தை மட்டும் ஊர்மேய விடுகிறவன் பொய்யன் என்கிறார் தேரோட்டி. கிண்ணத்தின் வெளிப்பக்கத்தைப் பளபளவென்று தேய்த்துவிட்டு உள்ளே அழுக்கை வைத்திருக்கிறவனைப் பிடிபிடியென்று பிடிக்கிறார் தச்சர். பலனை எண்ணிக் கொடுப்பது மட்டமான கொடை என்கிறார் தேரோட்டி. தெருவில் தாரை ஊதிக் கொடுத்தவன் தனக்கு வரவேண்டியதை அப்போதே வாங்கிக்கொண்டான், மேலே எதையும் எதிர்பார்க்க வேண்டாம் என்கிறார் தச்சர். அத்தனை காலம் தள்ளி, அத்தனை தூரம் தள்ளிப் பேசிய இருவர் கண்ணிலும் ஒரே ஆள் பட்டிருக்கிறான் என்றால் அவன் எவ்வளவு பெரிய தொல்லையாக இருந்திருக்க வேண்டும்! அவன் இன்னும் சாகவில்லை, வாரத்துக்கு இரண்டு தடவை தன் கடைக்குத்தான் வந்துகொண்டிருக்கிறான் என்பது அக்காவின் முடிவு.

ஆகவே அவள் ஒரு விஷமம் செய்வாள். வசனத்தை நம்மிடம் விட்டுவிட்டார்கள் அல்லவா? கொடுத்தவர் பெயரை நாலு விரல் உயரத்துக்கு வெட்டிவிட்டு, அதன் கீழேயே, வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்ற போதனையைச் சின்ன எழுத்தில் வெட்டுவாள். கோயில்காரர் என்றால் பலனில் கண் வைக்காதே என்ற தேரோட்டியின் பேச்சு. இருபது வருஷத்தில் ஒரு உபயதாரர்கூட அதைக் கண்டுபிடித்ததில்லை. தன் பெயரைப் படித்து முடிப்பதற்குள் அவர்களுக்குக் கண் நிறைந்துவிடும். அதற்குக் கீழே என்ன இருந்தால் என்ன?

ஊரில் உள்ளவர்களை இப்படி இளக்காரமாகப் பார்த்ததில் மிச்சம் இருந்ததை அக்கா வீட்டுக்குக் கொண்டுவந்து கணவர் தலையில் கொட்டினாள். அவர் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டுகிறவர். முப்பது வருஷமாக ஒரு பெட்டிக்குள் உட்கார்ந்து பொத்தானை அமுக்குகிறார். இரண்டு வேதத்தில் ஒன்றையும் தொட்டதில்லை. கேட்டால் பதில் சொல்வார். கேட்காவிட்டால் அதுவும் இல்லை. காலை ஷிஃப்ட் இரண்டு மணிக்கு முடிந்தும் அவர் வீடு திரும்புவது ஐந்துக்குத்தான். நடுவில் மூன்று மணி நேரம் எங்கே போகிறார்? அக்கா துப்புத் துலக்கினாள். அவள் கடையில், கெட்டுப்போன தகடுகளைப் போடும் தகரப் பெட்டி ஒன்று உண்டு. கீறல் விழுந்தவை, முனை உடைந்தவை, திறப்பு விழாவுக்கு முதல் நாள் பதவி பறிபோன செயலாளர்களின் பெயர் தாங்கியவை எல்லாம் அதில் கிடக்கும். இரண்டு வருஷமாக அந்தப் பெட்டி நிறையவே இல்லை. பித்தளை காணாமல் போகிறது, கணவரும் காணாமல் போகிறார். விற்கிறார், சீட்டாடுகிறார்! வேறென்ன?

கேட்டபோது அவர் மறுக்கவில்லை. "சும்மா இருந்தேன்" என்றார். அது ஒப்புதல் வாக்குமூலம் என்று அக்கா எடுத்துக்கொண்டாள். நாத்தனாரிடம் சொன்னாள், தன் அம்மாவிடம் சொன்னாள், தையல்காரரிடம் சொல்லி, தையல்காரர் மூலம் சட்டை தைக்க வந்த அத்தனை பேரிடமும் சொன்னாள். லிஃப்டில் ஏறுகிறவர்கள் எல்லாம், "இன்னைக்கு எத்தனை ஆட்டம்?" என்று அவரைக் கேட்க ஆரம்பித்தார்கள். அவர் பொத்தானை அமுக்கினார்.

இந்தச் சமயத்தில்தான் கம்பிக்கடை முதலாளி அக்காவின் கடைக்குள் வந்தார். அக்கா அவருக்கு வைத்த பெயர் தம்பட்டம். தும்மினால்கூட இரண்டு பேர் கவனிக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத் தும்முகிற மனிதர். வியாபாரிகள் சங்கத் தலைவர் பதவிக்கு நிற்கிறவர்.

"அக்கா, இந்தத் தடவை பெரிசு. ஆஸ்பத்திரில ஜனங்க காத்திருக்கிற கூடத்துக்கு அறுபது நாற்காலி. புத்தம் புதுசு."

"அறுபதா? உங்க கையாலயா?"

"என்னக்கா இப்படிக் கேக்குறீங்க?"

"இல்ல, போன தடவை ஒரு சுவர்க் கடிகாரம் குடுத்தீங்க. பேட்டரி நாங்கதான் போட்டோம்னு பெரிய நர்ஸ் சொன்னா. எழுத்து சின்னதா இருக்குன்னு தகட்டை மட்டும் ரெண்டு தடவை மாத்திக்கிட்டீங்க."

முதலாளி சிரித்தார். அவருக்குச் சிரிப்பு வந்தால் வயிறும் சேர்ந்து சிரிக்கும். முகம் மட்டும் சிரிக்காது. "பெரிய பலகையா வெட்டுங்க. இடது பக்கம் ஒரு வேதத்துலேர்ந்து ஒரு வசனம், வலது பக்கம் இன்னொரு வேதத்துலேர்ந்து ஒரு வசனம். நடுவுல நான்."

"நடுவுல நீங்க."

"ஆமா. ரெண்டும் ஒண்ணுதான்னு ஜனங்களுக்குக் காட்டணும் இல்லையா?"

"ரெண்டும் ஒண்ணா இருந்தா நடுவுல நீங்க எதுக்கு முதலாளி?"

"போட்டோ எடுப்பாங்கல்ல" என்றார் அவர், கொஞ்சமும் கூசாமல். "இன்னொண்ணு. திறப்பு விழாவுல நீங்க ரெண்டு நிமிஷம் பேசணும். ரெண்டையும் கரைச்சுக் குடிச்சவங்க நீங்கதானாமே! ஒற்றுமையைப் பத்தி நாலு வார்த்தை சொன்னீங்கன்னா எனக்கும் பெருமை."

அக்காவால் ஒரு கணம் தன் காதையே நம்ப முடியவில்லை. இருபது வருஷமாகச் சின்ன எழுத்தில் திட்டிக்கொண்டிருந்தவளுக்கு இப்போது ஒலிபெருக்கி. "ரெண்டு நிமிஷம் எதுக்கு முதலாளி? எனக்கு அரை நிமிஷம் போதும்" என்றாள், வெகு பணிவாக.

மறுநாள் பலகைக்குச் சுவரை அளக்க அக்கா ஆஸ்பத்திரிக்குப் போனாள். காத்திருப்புக் கூடத்தில் மதியத்துக்கு மேல் ஆள் இருக்காது. அறுபது நாற்காலிகளும் பளிச்சென்ற நீலத்தில் வரிசையாக நின்றன. அவள் நாடாவை விரிக்கும்போதே பெரிய நர்ஸ் பின்னால் வந்து காதைக் கடித்தாள்.

"அக்கா, ஒரு கூத்து தெரியுமா? இது புது நாற்காலியே இல்ல. அதே பழைய நாற்காலி."

"என்னடி சொல்றே?"

"முந்தி பலகையெல்லாம் ஆடிக்கிட்டு, உட்கார்ந்தா ஆளைக் கவுத்துக்கிட்டு இருந்துச்சே, அதேதான். எப்படியோ தானா சரியாகி கெட்டியா நிக்குது. உங்க முதலாளி வந்து பாத்தாரு, ஒவ்வொண்ணா ஆட்டிப் பாத்தாரு. மறுநாள் ஒரு பெயின்டரை அனுப்பி நீலம் அடிச்சாரு. அவ்வளவுதான் உபயம். எங்க பெரிய டாக்டருக்கும் வாயெல்லாம் பல். நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க, என் வேலைக்கு உலை வெச்சுடாதீங்க."

பித்தளை அக்காவின் முகத்தில் அப்போது ஒரு ஒளி வந்தது பாருங்கள், கூடத்து விளக்கை அணைத்திருந்தாலும் நர்ஸ் ஊசி போட்டிருக்கலாம். வெளிப்பக்கம் மட்டும் கழுவிய கிண்ணம்! தச்சர் சொன்ன ஆளேதான், நீல பெயின்ட் டப்பாவோடு! அவள் மனத்துக்குள்ளேயே மேடை ஏறிவிட்டாள். முதல் வரி என்ன, இரண்டாம் வரி என்ன, எந்த இடத்தில் நிறுத்தி முதலாளியின் முகத்தைப் பார்ப்பது என்றெல்லாம் முடிவாகிவிட்டது. சாட்சி ஒன்றுதான் பாக்கி. நர்ஸ் போனதும், பெயின்ட் படாத பழைய மரத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு நாற்காலியைக் கவிழ்த்தாள்.

அடியில் பித்தளை மின்னியது.

உட்காரும் பலகைக்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவில், இற்றுப்போன மரத்துக்கு முட்டாக, அளவாக வெட்டிய பித்தளைத் துண்டு ஒன்று வைத்து நாலு திருகாணி முடுக்கியிருந்தது. துண்டில் எழுத்து. '...மிகு உயர்திரு முன்னா...' என்று படித்தாள். அவள் வெட்டிய எழுத்தேதான். அடுத்த நாற்காலியைக் கவிழ்த்தாள். '...அவர்களின் தாராள...' அதற்கடுத்தது, '...நிரந்தரத் தலை...' நான்காவதில் தம்பட்டமே இருந்தார், கடிகாரத்துக்கு எழுத்துச் சின்னதென்று தள்ளிய பழைய தகட்டில், பாதிப் பெயரோடு. ஊரில் உள்ள பெரிய மனிதர்கள் எல்லோரும் நாற்காலிக்கு அடியில் குப்புறப் படுத்துக்கொண்டு நோயாளிகளின் பின்புறத்தைத் தாங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வாழ்நாளில் செய்த உருப்படியான காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. தகரப் பெட்டி. இரண்டு மணி. ஐந்து மணி. ஏழு நாற்காலிகளைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு எட்டாவதில் உட்கார்ந்தாள். அது ஆடவில்லை.

மாலை அவர் வீட்டுக்கு வந்து சமையலறைக் குழாயில் கை கழுவினார். அக்கா அடுப்பைப் பார்த்தபடியே கேட்டாள்.

"இன்னைக்குச் சீட்டுல ஜெயிச்சீங்களா?"

"ம்."

"என்ன ஜெயிச்சீங்க? நாற்காலியா?"

துண்டில் துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. "பாத்துட்டியா?"

"கவுத்துப் பாத்தேன்."

"எத்தனை பாத்தே?"

"ஏழு."

"ஏழாவது சரியா வரல. ஒரு திருகாணி கோணல்" என்றார் அவர், வெட்கத்தோடு.

"திருகாணி கெடக்கட்டும்! ரெண்டு வருஷமா உங்களைச் சீட்டாடின்னு ஊர் பூரா சொல்லியிருக்கேனே, ஒரு தடவை, ஒரே ஒரு தடவை இல்லேன்னு சொல்லக்கூடாதா?"

"சொன்னா நீ நம்பியிருப்பியா?"

அக்கா யோசித்தாள். "மாட்டேன்."

"அதான்."

"எதுக்காகச் செஞ்சீங்க? புண்ணியமா? யாராவது செய்யச் சொன்னாங்களா?"

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நிறையப் பேச வேண்டி வந்துவிட்டதே என்ற களைப்பு முகத்தில் தெரிந்தது. "ஒரு நாள் ஒரு பொண்ணு விழுந்துடுச்சு. மாசமா இருந்துச்சு. ஒண்ணும் ஆகல. அந்த நாற்காலியை மட்டும் முடுக்கிடலாம்னு பாத்தேன். பக்கத்துல இருந்ததும் ஆடுச்சு. அப்புறம்..."

"அப்புறம்?"

"ரெண்டு மணிக்கே வீட்டுக்கு வந்தா நீ எதையாவது எடுத்துச் சொல்லிக்கிட்டே இருப்பே. அங்க அமைதியா இருந்துச்சு."

பித்தளை அக்காவின் வாழ்நாளில் பேச்சு அடியோடு நின்றுபோனது மூன்று தடவை: பிறந்ததும் அழுவதற்கு முந்திய ஒரு நொடி, மரத்துப்போக ஊசி போட்டுக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய நேரம், மூன்றாவது இது.

பேச்சு திரும்பி வந்ததும் அவள் சொன்னாள்: "சரி. அந்தத் தம்பட்டத்தோட விழாவுல நான் எல்லாத்தையும் சொல்லப் போறேன். யாரு செஞ்ச வேலைக்கு யாரு பலகை வெக்கிறது? அத்தனை பேர் முன்னாடியும் நாற்காலியைக் கவுத்துக் காட்டுறேன்."

அவர் எழுந்துவிட்டார். "வேணாம்."

"ஏன்?"

"லிஃப்ட்காரன் லிஃப்டைத்தான் தொடணும். மத்த எதுலயும் கை வைக்கக்கூடாது. போன வருஷம் தோட்டக்காரர் ஒரு பல்பை மாத்தினாருன்னு வீட்டுக்கு அனுப்பினாங்க. எனக்கு இன்னும் பதினோரு மாசம் இருக்கு."

"வேலை போகட்டுமே, இந்த உலகத்துல..."

"வேலைகூடப் போகட்டும். அனுமதியில்லாத ரிப்பேர்னு அத்தனையையும் கழட்டிக் குப்பையில போட்டுடுவாங்க. அந்த முதலாளி புதுசு வாங்கித் தரப்போறாரா? ஜனங்க எங்க உட்காரும்?"

"அந்தத் தம்பட்டம் உங்க வேலையைத் தன் வேலைன்னு மேடை போட்டுச் சொல்றான். உங்களுக்கு ரத்தம் கொதிக்கலையா?"

அவர் நேர்மையாக யோசித்தார். "பெயின்ட் நல்லா அடிச்சிருக்கான்" என்றார்.

இப்படி ஒரு மனிதரைக் கட்டிக்கொண்டு எவள்தான் புண்ணியவதியாக இருக்க முடியும்? அக்கா அன்று குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டாள். அவர் அதையும் சாப்பிட்டார்.

அது போதாதென்று மறுநாள் காலை முதலாளியிடமிருந்து தொலைபேசி வந்தது. சுவர்ப் பலகை மட்டும் போதாதாம். ஒவ்வொரு நாற்காலியின் முதுகிலும் அவர் பெயரோடு ஒரு சின்னத் தகடு வேண்டுமாம். "நம்ம கடை ஆளுங்களை அனுப்புறேன். நாற்காலியைத் தலைகீழாப் போட்டு அரை நாள்ல முடுக்கிடுவாங்க."

தலைகீழாக! அடியில் இருக்கும் பித்தளை அத்தனையும் தெரிந்துவிடுமே. "வேணாம் முதலாளி" என்றாள் அவசரமாக. "உங்க ஆளுங்க கம்பியைத் தூக்கிப் பழகினவங்க, தகட்டை நசுக்கிடுவாங்க. நானே வந்து முடுக்குறேன். உங்க பேர் ஆச்சே, கோணலாகலாமா?"

முதலாளி நெகிழ்ந்துபோனார். "உங்க மனசு தங்கம்க்கா" என்றார். அக்காவுக்கு அது கெட்ட வார்த்தை போலக் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கூடம் காலியாக இருந்தது. கணவனும் மனைவியும் முழங்காலிட்டு அறுபது நாற்காலிக்கும் தம்பட்டத்தின் பெயரை முடுக்கினார்கள். அவர் நாற்காலியை நிமிர்த்தியபடியே பிடித்துக்கொள்ள, அவள் தகட்டை வைத்துத் திருகினாள். யார் யாரையோ இளக்காரமாகப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, அறுபது தடவை ஒரே பெயரைப் பார்ப்பதைவிடப் பெரிய தண்டனை எந்த நரகத்திலும் இல்லை.

"நீங்க வேதம் படிச்சிருக்கீங்களா? ரெண்டுல ஏதாவது ஒண்ணு?" என்று இருபதாவது நாற்காலியில் கேட்டாள்.

அவர் தலையை ஆட்டினார், இல்லை என்று. அவர் உதடுகளுக்கு நடுவில் நாலு திருகாணிகள் இருந்தன.

அப்போதுதான் அவள் எப்போதும் வேகமாகப் புரட்டிவிடுகிற ஓரிடம் நினைவுக்கு வந்தது. தனக்குப் பிரியமானவன் எப்படி இருப்பான் என்று தேரோட்டி ஒரு வரிசை சொல்கிறார்: திட்டினாலும் புகழ்ந்தாலும் ஒன்று போல இருப்பான், வாய் பேச மாட்டான், கிடைத்தது போதும் என்பான். தச்சரையும் ஒரு நாள் பிடித்துக்கொண்டுபோய் ஆளுநர் முன் நிறுத்திப் பொய்ப் பொய்யாகச் சொன்னார்கள். அவர் ஒரு வார்த்தைகூடத் திருப்பிச் சொல்லவில்லை, ஆளுநருக்கே ஆச்சரியம். இருவரும் திட்டுகிற ஆளை இருபது வருஷமாகத் தேடித் தேடிப் பிடித்தவள், இருவரும் மெச்சுகிற ஆளைத் தேடியதே இல்லை. அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. மௌனத்துக்குப் பலகை கேட்டு எந்த உபயதாரர் வந்திருக்கிறார்?

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது, வேண்டாவெறுப்பாக. தாரை ஊதிக் கொடையைச் சொல்கிறவனைத் தச்சர் அப்படித் திட்டினாரே, தாரை ஊதிக் கணவனின் சீட்டாட்டத்தைச் சொன்னவளை என்ன சொல்லியிருப்பார்? அவள் புத்தகத்தைத் தேடிப் பார்க்கவில்லை. பக்கம் எதுவென்று அவளுக்குத் தெரியும். அடுத்தவன் கண்ணில் தூசி பார்க்கிறவனைப் பற்றிய பக்கம் அது. அதையும் யாரும் பலகையில் கேட்டதில்லை.

எதிரே திருகாணிகளைக் கடித்தபடி உட்கார்ந்திருந்த மனிதரை அவள் எரிச்சலோடு பார்த்தாள். இது ஞானமா, வாயில் திருகாணி இருப்பதால் வந்த மௌனமா? அதை அந்த இரண்டு பேரும்தான் வந்து சொல்ல வேண்டும். அவரைக் கும்பிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. உலுக்க வேண்டும் என்றுதான் தோன்றியது.

வேலை முடிந்ததும் அவர் ஒரு நாற்காலியைத் தூக்கி, "இதை எங்க போடட்டும்?" என்றார். அது நான்காவது, அடியில் பாதித் தம்பட்டத்தைச் சுமந்த நாற்காலி.

"முதல் வரிசை, நடுவுல" என்றாள் அக்கா. அந்த அளவுக்காவது ஒரு ஆறுதல் வேண்டாமா?

திறப்பு விழாவுக்குக் கூடம் நிரம்பிவிட்டது. நோயாளிகளை ஓரமாக நிற்கவைத்துவிட்டு, நோயில்லாதவர்கள் எல்லோரும் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். முதலாளி முதல் வரிசை நடுவில், தன் பெயரின் மேலேயே, அறியாமல் அமர்ந்தார். பிறகு எழுந்து பேசினார். இரண்டு மதங்களும் இரண்டு கண்கள் என்றார். தான் அவற்றுக்கு நடுவே உள்ள மூக்கு என்று சொல்லவில்லை, படம் எடுத்தவருக்கு அது புரிந்தது. கொடுப்பதைச் சொல்லிக்காட்டுவது தனக்குப் பிடிக்காது என்பதை இருபது நிமிஷம் சொல்லிக்காட்டினார். கைத்தட்டல். "இப்போ நம்ம அக்கா ரெண்டு வேதத்தோட ஒற்றுமையைப் பத்திப் பேசுவாங்க."

அக்கா எழுந்தாள். மேசை ஓரத்தில் பெரிய நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள். அவளுக்குத் தெரியும், இப்போது வெடிக்கும் என்று. தையல்காரர் முன்ஜாக்கிரதையாகச் சுவரைப் பிடித்துக்கொண்டார். வாசலுக்கு வெளியே லிஃப்ட் கதவு திறந்து மூடுவது அக்காவின் காதில் விழுந்தது.

வார்த்தைகள் எல்லாம் தயாராக இருந்தன. முதல் வரி நாக்கின் நுனியில் நின்றது, அவ்வளவு அழகாக, அவ்வளவு கூராக. அப்படிப்பட்ட வரி ஒரு மனுஷிக்கு வாழ்நாளில் ஒரு தடவைதான் அமையும். ஒலிபெருக்கியைப் பிடித்தாள். முதலாளியின் பூரித்த முகத்தைப் பார்த்தாள். பின்சுவரில் சாய்ந்து நிற்கிறவர்களைப் பார்த்தாள். கையில் கட்டுப் போட்டவர், குழந்தையை இடுப்பில் வைத்திருந்தவள், வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த கிழவர். அந்த வரியை எச்சிலோடு சேர்த்து விழுங்கினாள்.

"நாற்காலி கெட்டியா இருக்கு" என்றாள். "நிக்கிறவங்க எல்லாம் வந்து உட்காருங்க. உட்கார்ந்திருக்கிறவங்க எழுந்திரிங்க."

அவ்வளவுதான். ஒற்றுமைப் பேச்சு முடிந்தது. நோயில்லாதவர்கள் முணுமுணுத்துக்கொண்டே எழுந்தார்கள், நோயாளிகள் உட்கார்ந்தார்கள். வயிற்று வலிக் கிழவர் முதல் வரிசை நடுவில் போய் அமர்ந்தார். முதலாளி மட்டும், "எவ்வளவு ஆழமாப் பேசிட்டாங்க பாத்தீங்களா!" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். வாய் பொல்லாத பித்தளை அக்காவையே தன் நாற்காலி மாற்றிவிட்டது என்று அன்று மாலைக்குள் ஆறு பேரிடம் சொல்லிவிட்டார்.

அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். ஆனால் பெரிய நர்ஸ் கிட்ட வந்து, அருவருப்போடு, "உங்களையும் வாங்கிட்டாராக்கா?" என்று கேட்டுவிட்டு நகர்ந்தாள். அக்கா அவள் கையைப் பிடித்து நிறுத்தி எல்லாவற்றையும் கொட்டப் பார்த்தாள். அந்தப் பதினோரு மாசம் நினைவுக்கு வந்தது. கையை விட்டாள்.

நேரே லிஃப்டுக்குப் போனாள். இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் அவள் எதை விழுங்கினாள் என்று தெரியும். அவராவது ஒரு வார்த்தை சொல்லட்டும். பாராட்டக்கூட வேண்டாம், தலையை ஆட்டினால் போதும்.

உள்ளே படுக்கை வண்டி ஒன்று, தள்ளுகிறவர் ஒருவர், மருந்துக் கூடையோடு இரண்டு பேர். அக்கா நெருக்கிக்கொண்டு ஏறி, அவர் முக்காலிக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"என்னங்க, கேட்டீங்களா? ஒரு வார்த்தை சொல்லல நான். ஒரு வார்த்தை!"

அவர் பொத்தான்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களைத்தான். நான் எவ்வளவு கஷ்டப்பட்டு..."

"எந்த மாடிங்க?" என்றார் அவர்.

மருந்துக் கூடைக்காரர்கள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். படுக்கை வண்டியில் இருந்தவர்கூடக் கண்ணைத் திறந்தார். கதவு மூடாமல் காத்திருந்தது.

"மூணு" என்றாள் அக்கா, வாயில் வந்ததை.

மூன்றாம் மாடியில் அவளுக்கு ஒரு வேலையும் இல்லை. இறங்கினாள். கதவு மூடியது. படிக்கட்டைத் தேடிப் பிடித்துக் கீழே நடந்தாள், ஒரு படிக்கு ஒரு வசவு வீதம், எல்லாவற்றையும் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு.